அளந்த பிறகு ஒரு கை

அந்த அம்மா எங்கள் வீட்டில் கைமாற்றாக ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கிப்போனார். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் மாடி, அவர் கீழ்வீடு. குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் தலைதட்டி ஒரு டம்ளர் கொடுத்தேன். மறுநாள் அதே டம்ளரில் கோபுரமாகக் குவித்துக்கொண்டு மாடியேறி வந்தார். வழியெல்லாம் சிந்தியிருந்தது. சாயங்காலத்துக்குள் கீழ்ப்படியிலிருந்து எங்கள் சமையலறை வரைக்கும் எறும்பு வரிசை கட்டிவிட்டது. ஈரத்துணியோடு நான் ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“வாங்கினது ஒரு டம்ளர்தானேம்மா, இவ்வளவு எதுக்கு?” என்று கேட்டேன்.

“அளந்தது நமக்கு சார். அள்ளினது வர்றவங்களுக்கு.”

வந்தது எறும்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன்; அதற்குப் பதில் அடுத்த படிக்கு இறங்கினேன்.

அவரைப் பற்றி எது சொல்வதென்றாலும் அந்த அளவுக்கு மேற்பட்ட ஒரு கையைத்தான் சொல்ல வேண்டும். குழாயடியில் குடம் நிறைந்த பிறகும் ஒரு செம்பு ஊற்றுவார். இடுப்பில் வைத்தவுடன் அது புடவையில் வழியும். காப்பியை டபராவிலும் தளும்பத் தளும்பத்தான் தருவார்; கையைச் சுட்டுக்கொள்ளாமல் அவர் வீட்டில் நான் காப்பி குடித்ததே இல்லை. சொந்த ஊர் ஜீயபுரம் பக்கம். நெல் அளந்த வீடு. அரிசி அளக்கும்போது முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார். “லாபம்” என்பார், பிறகு இரண்டு, மூன்று என்று போவார். கடைசிப் படி முடிந்ததும் கை தானாகச் சாக்குக்குள் போய் ஒரு பிடி அள்ளிப் போடும். பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் அளந்தார்கள், அது தெரியும். ஆனால் நான் ஒரு பெரிய தொழிற்சாலையில் எடைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்றில் தொடங்காத எண்ணிக்கையைக் கேட்டால் மனதுக்குள் நான் முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் எண்ணாத பொருள் இல்லை. தீப்பெட்டியில் குச்சி, பால் பாக்கெட்டுகள், எதிர்வீட்டு மாடியில் காயும் துணி. என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அந்த அம்மாவிடம், “இவரைக் கூட்டிக்கிட்டுப் போய் உங்க மாவையாவது நிறுக்கச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் கீழே நின்று, “சார், கிளம்பலாமா?” என்று கூப்பிட்டார்.

மாவு என்றால் சேமியா மாவு. அரியமங்கலத்தில் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. கணவர் அதில் லேத் வைத்திருந்தார். அவர் காலமான பின் இவர் லேத்தை விற்றுவிட்டு, சேமியா பிழியும் பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். கோதுமை ரவையைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, நூல் நூலாகக் கொம்புகளில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். இதை ஊரில் பத்துப் பேர் செய்கிறார்கள். இவர் புதிதாகச் செய்தது, அதில் முளைகட்டின கேழ்வரகு மாவைச் சேர்த்ததுதான்.

கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை வந்ததும் காயவைத்து, முளையை உதிர்த்து, லேசாக வறுத்து அரைப்பார். அந்த மாவைக் கொஞ்சம் கலந்தால் சேமியாவுக்கு ஒரு செம்பழுப்பு நிறம், ஒரு இளந்தித்திப்பு, அடுப்பில் வறுக்கும்போது தெருவைக் கூட்டும் வாசனை. ஆனால் அது அடங்காத மாவு. முளைகட்டின தானியம் மாவுச்சத்தை இளக்கிவிடும். கைக்குழந்தைக்குக் காய்ச்சும் கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டால் கட்டிக் கஞ்சி தண்ணீராக நெகிழ்ந்துவிடுவது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். குழந்தைக்கு அது நல்லது. சேமியாவுக்கு ஆகாது. அளவு மிஞ்சினால் காயும்போது பார்க்க அழகாக இருக்கும், கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் கரைந்துவிடும்.

ஐந்து கிலோ ரவைக்குக் கால் கிலோ முளைமாவு என்று நான் தராசில் வைத்துக் கொடுத்தேன். அவர் வாங்கினார், கொட்டினார், டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மேலே போட்டார்.

“அம்மா, நிறுத்துக் கொடுத்திருக்கேன்” என்றேன்.

“நீங்க நிறுத்தது சரியாத்தான் இருக்கும் சார். இது என் கை.”

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் அவர் வேகவைத்துக் காட்டினார். ஒரு இழைகூட உடையவில்லை. அடுத்த முறையும் அப்படித்தான். கண்மதிப்பாக முந்நூறு கிராம் வரைக்கும் அந்த மாவு தாங்குகிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் அதற்கு மேல் எங்கே உடையும் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் வந்தது, சோற்றில் கை வைத்தால் அங்கேயும் வந்தது.

பஸ் என்று சொன்னேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அதிலும் அவர் அப்படித்தான். எங்களோடு சேர்த்து ஆட்டோ ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருக்கும். பால்பண்ணையில் யாராவது கை காட்டினால் டிரைவர் தயங்குவார், இவர் தயங்க மாட்டார். “கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்க சார், பாவம் கையில குழந்தை இருக்கு” என்று என்னைக் கம்பியோடு சேர்த்து நெருக்கிவிடுவார். ஒரு தரம் நான் எண்ணினேன். குழந்தையோடு பதினொரு உயிர். ஆட்டோ திரும்பும்போதெல்லாம் நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். அவர் புதிதாக ஏறியவளிடம் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

கொட்டகையில் அவரோடு மூன்று பேர். கணவரின் தங்கை வசந்தா. இவரை அண்ணி என்பாள். செல்வி நாலு வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவள். பாத்திமா பாலக்கரையில் பேக்கரிக் கடையில் நின்றுகொண்டிருந்தவள், கால் வீங்குகிறது என்று புலம்பியபோது இவர்தான், “விட்டுட்டு வா, பாத்துக்கலாம்” என்றார். இரண்டு பேருக்குத்தான் வேலை இருந்தது. மூன்றாவது ஆளை அவர் எப்போதும்போல் மேலே போட்டுக்கொண்டார். அதனால் வாராவாரம் நிச்சயமாகப் போகிற ஒரு ஆர்டர் இல்லையென்றால் மூன்று பேரையும் வைத்துக்கொள்ள முடியாது. இது நாலு பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த ஆர்டர் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து வந்தது. தில்லைநகரில். மாதிரி சாப்பிட்டுப் பார்த்து வார்டனம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. முதல் லோடு நன்றாக இருந்தால் வாரம் ஒருநாள் காலையில் கேழ்வரகு சேமியா உப்புமா என்று முடிவு.

ஐப்பசி மழை. இருந்தும் நல்லபடியாகப் பிழிந்து, காற்றாடி போட்டுக் காயவைத்து அனுப்பினோம். கொம்பில் தொங்கியபோது அவ்வளவு அழகு. மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அம்மாவின் செல் அடித்தது. விடுதிச் சமையல்காரர். அவர் பேசினது எனக்கு மாடியிலேயே கேட்டது: “ஏங்க, சேமியா அனுப்பினீங்களா, சத்துமாவு அனுப்பினீங்களா?”

இருவரும் ஆட்டோ பிடித்துப் போனோம். பெரிய அண்டாவில் பழுப்புக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே கடுகும் கறிவேப்பிலையும் மிதந்தன. பெண்கள் தட்டோடு வரிசையில் நின்று ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எட்டிப் பார்த்து, “மேம், ஸ்பூனா, ஸ்ட்ராவா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா கரண்டி வாங்கிக் கூழை ஆற்றிக் குடித்துப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. வார்டனம்மா சத்தம் போடவில்லை. வியாழக்கிழமை இன்னொரு லோடு கொண்டுவரச் சொன்னார். அதுவும் இப்படி இருந்தால் இனி வர வேண்டாம் என்றார்.

திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் எங்களைத் தவிர இன்னும் மூன்று பேருக்கு இடம் இருந்தது. யாரோ கை காட்டினார்கள், அவர் பார்க்கவே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

எனக்கோ என் தராசின் மேல் சந்தேகம். கொட்டகைக்குப் போனதும் எடைக்கல்லை வைத்து வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் காட்டியது. தராசு சரியென்றால் கண்ணா? வயசாகிவிட்டது, கால் கிலோவை அரைக் கிலோவாகப் படித்திருப்பேனோ? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். என் ஒருவனால் மூன்று பெண்களுக்கு வேலை போகப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். “அம்மா, எடையில நான்தான் தப்பு பண்ணியிருக்கேன் போல” என்று சொல்லவும் சொன்னேன்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சார் மேல தப்பு இல்லக்கா. சார் குடுத்ததைச் சலிக்கக் கொண்டுபோனேன்ல, அப்ப நான் ஒரு கை போட்டேன். நீங்க போடுவீங்களே, அதைப் பாத்துப் பாத்து.”

சலிக்கிற பாத்திமா திடுக்கிட்டுப் பார்த்தாள். “நீ போட்டியா? நானும்தான்டி போட்டேன். முதல் லோடு, நல்லா விளங்கட்டும்னு.”

வசந்தா பிசைகிறவள். “அண்ணி மறந்திருப்பாங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் மறப்பேனா?” என்றார்.

ஒருத்தி போட்டது இன்னொருத்திக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் போட்டது ஒரே ஒரு கைதான். யாரை என்னவென்று சொல்வது? இனிமேல் தராசில் வைத்ததற்கு மேல் யாரும் தொடக் கூடாது என்று நான் சொன்னேன். அதுதான் ஒழுங்கு. மூன்று பேரும் தலையாட்டினார்கள். அந்த அம்மா ஆட்டவில்லை.

“போடக் கூடாதுன்னா எப்படி சார்? வெறும் அளவுல செஞ்சதை ஒருத்தர் வாயில வைக்கறதா?” என்று கேட்டுவிட்டு, சற்று யோசித்து, “ஒண்ணு செய்யுங்க. எங்க கையை நிறுங்க” என்றார்.

நிறுத்தேன். ஒவ்வொருத்தியாக டப்பாவில் கைவிட்டு அள்ளித் தராசுத் தட்டில் போட்டார்கள். பாத்திமாவுடையது பெரிய கை, எழுபத்தைந்து கிராம். வசந்தா அறுபத்தைந்து. செல்வி அறுபது. கடைசியில் அந்த அம்மா. இவ்வளவு நாளும் எறும்புக்கும் ஊருக்கும் அள்ளிப்போட்ட கை, நாலு பேரிலும் சின்னக் கை. குவித்துக் குவித்துப் பார்த்தும் ஐம்பதைத் தாண்டவில்லை. செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, இந்தக் கையை வச்சுக்கிட்டா இவ்வளவு ஆட்டம்?” என்றாள். அவரும் சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான்.

நாலு கையும் சேர்ந்து கால் கிலோ. நான் நிறுத்த கால் கிலோவோடு, கெட்ட லோடில் விழுந்தது அரைக் கிலோ. மாவு தாங்குவது முந்நூறு. அப்படியானால் நான் நிறுத்துக் கொடுக்க வேண்டியது ஐம்பது கிராம். முப்பத்தெட்டு வருஷம் டன் கணக்கில் எடை பார்த்தவனுக்கு மிஞ்சிய வேலை அதுதான். நான் ஐம்பதை வைப்பேன், மற்றதைக் கைகள் போடும். ஒருத்தி லீவு என்றால் முதல் நாளே எனக்குச் சொல்லிவிட வேண்டும், அந்தக் கையை நான் தராசில் வைத்துக்கொள்வேன். காய்ந்ததும் ஒரு பிடி சேமியாவை வேகவைத்துப் பார்க்காமல் பாக்கெட் போடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். வியாழக்கிழமை லோடு இழை இழையாக நின்றது. ஆர்டர் வாரத்துக்கு வாரம் தொடர்ந்தது. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அடுப்பின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சேமியாவை ஒருவழியாகக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டேன். அவரைக் கொண்டுவர முடியவில்லை. அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். குறைத்துத்தான் போடுவார்; பிறகு இறக்கிவைக்கும்போது ஒரு சிட்டிகை. மதியம் தூக்குச்சட்டியைத் திறக்கும்போதெல்லாம் நான் முறைப்பேன்.

“ஒரு சிட்டிகைதான் சார்.”

“அதுதாம்மா பயமா இருக்கு.”

“உங்களுக்கு எதுதான் பயமில்ல?” என்பார். பிறகு என் தட்டில் ஒரு கரண்டி பொரியலை வைப்பார், நான் போதும் என்று சொன்ன பிறகு.

போன தை மாதம் ஒருநாள் ரவைச் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்து தலை சுற்றுகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் இருந்தார். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரிக்குத் தன் ஆரஞ்சை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததாக வசந்தா சொன்னாள். மூன்றாம் நாள் காலை அவர் இல்லை. உப்புதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காரியங்கள் முடிந்து கொட்டகையைத் திறந்தபோது விடுதி ஆர்டர் காத்திருந்தது. அந்த அம்மா இல்லாமல் இது ஓடுமா என்று வார்டனம்மா வசந்தாவிடம் கேட்டிருந்தார். ஓடும் என்று வசந்தா சொல்லியிருந்தாள். அந்த லோடு கெட்டால் வார்டனம்மாவின் சந்தேகம்தான் சரி என்று ஆகிவிடும்.

தராசின் முன் நின்றேன். இனி அந்தக் கையைத் தராசில் வைத்துக்கொள்ள வேண்டும். லீவுக்கு அப்படித்தானே செய்தோம்? ஆனால் இது லீவா? என்னால் முடியவில்லை. எப்போதும்போல் ஐம்பதை நிறுத்துக் கொடுத்தேன். செல்வி சலிக்கக் கொண்டுபோவதற்குள், யாரும் பார்க்காதபோது, டப்பாவில் என் கையை விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நிறுத்த பிறகு ஒரு கை. அதையும் தராசில் வைத்துச் சரியாக ஐம்பது என்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

மறுநாள் காய்ந்த சேமியாவில் ஒரு பிடியைப் பாத்திரத்தில் போட்டோம். நாலு பேரும் சுற்றி நின்றோம். இழைகள் முதலில் சுழன்றன. பிறகு விளிம்பு மங்கியது, பிறகு இழையென்று ஒன்று இல்லை.

பாத்திமா அடுப்பை அணைத்தாள். “என் கையோட அக்கா கையையும் நான் போட்டேன்” என்றாள். செல்வி அழத் தொடங்கிவிட்டாள், அவளும் போட்டிருந்தாள். வசந்தா எங்கேயோ பார்த்துக்கொண்டு, “அண்ணிக்கு யார் போடுவாங்கன்னு…” என்று நிறுத்தினாள். பிறகு மூன்று பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

“சார், நீங்களுமா?” என்றாள் வசந்தா.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். முதல் லோடு கரைந்த அன்றைக்குப் போலவே அரைக் கிலோ.

பாத்திமா அந்தக் கூழில் வெல்லத்தைத் தட்டிப் போட்டு டம்ளர்களில் ஊற்றினாள். குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது. குடித்து முடித்ததும் சாக்கைப் பிரித்து முதலிலிருந்து தொடங்கினோம். நல்ல வெயில் அடித்ததால் தப்பித்தோம். விடுதிக்குச் சொன்ன நேரத்தில் லோடு போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே வசந்தா ஒரு முடிவு சொன்னாள்: “அண்ணி கையை இனிமே நீங்களே போடுங்க சார். நாங்க மூணு பேரும் அதைத் தொட மாட்டோம்.”

அன்றிலிருந்து நான்தான் போடுகிறேன். ஐம்பது கிராம், தராசில் வைத்துப் பார்த்து. லோடு ஒன்றும் கெடவில்லை. ஆனால் சில வாரங்களாக ஒரு சஞ்சலம். அவருடைய கை ஒருநாளும் சரியாக ஐம்பது இருந்ததில்லை. ஒருநாள் நாற்பத்தாறு இருந்திருக்கும், மனசு நிறைந்த நாளில் ஐம்பத்தைந்து. நான் போடுவது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. அது நிறுத்துப் போட்ட மாவு. அவருடைய கை அல்ல.

நேற்று தராசின் பக்கம் போகாமல் டப்பாவில் கைவிட்டு அள்ளிப் போட்டுவிட்டேன். எவ்வளவு என்று தெரியாது. என் கை அவர் கையைவிடப் பெரியது. சேமியா கொம்பில் காய்ந்துகொண்டிருக்கிறது. நாளைக் காலையில் தண்ணீர் கொதிக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.